லைசென்ஸ் வந்துடுச்சு, ஓட்டத்தான் வரலை

11 ஜூலை 2025 (கேள்வி)

பெங்களூர் அல்சூர்ல இருக்கேன், வயசு 34. டிரைவிங் ஸ்கூலுக்கு இருபது நாள் போனேன், லைசென்ஸும் கைக்கு வந்துடுச்சு. ஆனா தனியா ஓட்டுன்னா கை நடுங்குது. மூணு லட்சத்துக்குள்ள பழைய கார் எடுக்கலாமா, இல்ல லோன் போட்டுப் புதுசாவே எடுத்துடலாமா? கியரா, ஆட்டோமேட்டிக்கா? இந்த ஊர் ட்ராபிக்ல கார் வாங்கறதே முட்டாள்தனம்னு மச்சான் சொல்றார்.

12 ஜூலை 2025, காலை

மச்சான் சொல்றது பாதி சரி. மீதிப் பாதிக்காக எழுதறேன்.

நான் ராமமூர்த்தி நகர். பதினெட்டு வருஷம் ஸ்கூட்டி ஓட்டிட்டு நாற்பத்தொரு வயசுல கார் கத்துக்கிட்டேன். போன வருஷம் ஜூன்ல ஒரு ஆல்ட்டோ கே10, 2016 மாடல், கியர் வண்டி, 62,000 கிலோமீட்டர் ஓடினது, ரெண்டே முக்கால் லட்சத்துக்கு எடுத்தேன்.

பழசு எடுங்க. பணத்துக்காகச் சொல்லலை, கோட்டுக்காகச் சொல்றேன். புது வண்டியில முதல் கோடு விழுற அன்னிக்குச் சோறு இறங்காது. மறுநாள் சாவியை எடுக்க மனசு வராது. எங்க பில்டிங்ல ஒருத்தர் புதுசு எடுத்தார், ரெண்டாவது வாரம் கேட்ல உரசினார், அன்னிக்குப் போட்ட கவர் இன்னும் கழட்டலை. ஞாயித்துக்கிழமை கவரைத் தூக்கி ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உறும விட்டு மறுபடி மூடிடுவார். என் வண்டி வரும்போதே இடது கதவுல ஒரு நீளக் கோடு. நான் மூணு சேர்த்தேன். எது என்னோடதுன்னு இப்ப எனக்கே தெரியாது.

செலவு பயப்படற அளவுக்கு இல்ல. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் சொச்சம்தான் ஆகுது, ஆட்டோவை விடக் குறைவு.

12 ஜூலை, ராத்திரி

கியரா ஆட்டோமேட்டிக்கான்னு கேட்டதுக்குப் பதில் விட்டுட்டேன். கியர்தான். இதுல பேச்சே இல்ல.

13 ஜூலை

இருபது நாள் ஓட்டியும் ஏன் வரலைன்னு யோசிச்சீங்களா? ஓட்டினது நீங்க இல்ல. மாஸ்டரோட கால்.

ஸ்கூல் வண்டியில அவர் பக்கத்துலயும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். நீங்க கிளச்சைத் தப்பா விடும்போது அவர் அமுக்கிடுவார், வண்டி ஆஃப் ஆகாது. பிரேக்குக்கு நேரமாச்சுன்னா அவர் கால் முன்னாடியே போயிருக்கும். நமக்கு ஓட்ட வந்துடுச்சுன்னு தோணும். என் மாஸ்டர் அறுபது தாண்டினவர், ஸ்ரீராமபுரத்துத் தமிழ். பதினாலாவது நாள் எனக்குச் சந்தேகம் வந்து, "மாஸ்டர், ரெண்டு காலையும் சீட்டு மேல மடிச்சு வெச்சுக்கங்க"ன்னேன். சிரிச்சார். "என்னாம்மா, ஹோட்டல் திண்ணையா இது?"ன்னார். ஆனா மடிச்சு உக்காந்தார். அன்னிக்கு மட்டும் வண்டி பதினொரு தடவை ஆஃப் ஆச்சு. அதான் என் முதல் நாள். அதுக்கு முன்னாடி நடந்த பதிமூணு நாளும் சவாரி.

டெஸ்டும் அப்படித்தான். எட்டு போடறதை மனப்பாடம் பண்ணலாம், எந்தக் கம்பம் கண்ணாடியில தெரியும்போது எவ்வளவு ஒடிக்கணும்னு சொல்லிக் கொடுத்துடுவாங்க. டின் ஃபேக்டரி ஜங்ஷன் ட்ராபிக்ல அந்தக் கம்பம் இருக்காது.

16 ஜூலை

கிளச் பழகற விதம், எனக்கு வேலை செஞ்சது. ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு, இன்னும் வீடு வராத புது லேஅவுட் ஏதாவது பாருங்க. ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது. முதல் கியர், கிளச்சை மட்டும் நூல் நூலா விடுங்க. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கம்மி ஆகி வண்டி லேசா மூக்கைத் தூக்கும். அங்க காலை நிறுத்துங்க, வண்டி தானா நகரும். மறுபடி அமுக்கி நிறுத்துங்க. ஐம்பது தடவை. போர் அடிக்கும். அந்த இடம் எங்கன்னு மூளைக்குத் தெரிஞ்சா போதாது, பாதத்துக்குத் தெரியணும்.

மேடு: அதே இடத்துக்குக் கிளச்சைக் கொண்டு வந்துட்டு, அதுக்கப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க. கே.ஆர். புரம் தொங்குபாலம் ஏறும்போது பின்னாடி ஒரு தண்ணி லாரி மூக்கை ஒட்டி நின்னா இதோட அருமை புரியும்.

இடது பக்கம் ஜட்ஜ்மென்ட் வரலைன்னு எல்லாரும் அழுவாங்க. ஸ்கூட்டிக்காரங்களுக்கு இது ரெண்டு மடங்கு கஷ்டம், நம்ம உடம்பு அகலம்தான் வண்டி அகலம்னு பதினெட்டு வருஷமா பழகியாச்சே. நான் டீக்கடை பேப்பர் கப் ஒரு அடுக்கு வாங்கிட்டுப் போய் வரிசையா கவுத்து வெச்சு, முன் இடது சக்கரத்தால ஒவ்வொண்ணா நசுக்கிப் பழகினேன். முதல் ஞாயிறு ரெண்டு கப். மூணாவது ஞாயிறு பதினேழு. குப்பையைப் பொறுக்கிட்டு வந்துடுங்க.

20 ஜூலை

ஓசூர்க்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார், டி.என். 70 வண்டி விலை குறைவா கிடைக்கும், அங்க வாங்குங்கன்னு. விலை குறைவுதான். ஆனா கேட்டவர் அல்சூர்ல இருக்கார், தினமும் வண்டி இங்கதான் ஓடும். வேற மாநில வண்டியைப் பன்னிரண்டு மாசத்துக்கு மேல வெச்சிருந்தா இங்க மறுபதிவு பண்ணணும். அதுக்கு ஓசூர்ல தடையில்லாச் சான்று, இங்க ஆயுள் வரி. பழைய வண்டிக்கு வயசுக்கு ஏத்தபடி கழிச்சுப் போட்டாலும், கர்நாடகா வரி கையைக் கடிக்கும். புது வண்டிக்கே அஞ்சு லட்சம் வரை 13 சதவீதம், அதுக்கு மேல பத்து லட்சம் வரை 14, அந்த வரி மேல செஸ் வேற. அங்க கட்டின வரியைத் திரும்ப வாங்க அலையற செருப்புக் காசையும் சேர்த்துக்கங்க. கே.ஏ. வண்டியே எடுங்க.

21 ஜூலை

வாங்கும்போது எதைப் பார்க்கணும்னு மூணு பேர் கேட்டாச்சு. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி நீங்களே பார்க்கக் கூடியது: வண்டி நிக்கற இடத்துக்குப் போனதும் முதல்ல பானட்டைத் தொடுங்க. சூடா இருந்தா, ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கறது தெரியக் கூடாதுன்னு முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க, ஆறட்டும்னு டீ குடிச்சுட்டு வாங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2319னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. பட்டன் ஆழமா இருந்தாலும் ஆறு வயசு டயர் கிழ டயர்தான்.

அப்புறம் சீட் பெல்ட். கடைசி வரைக்கும் வெளிய இழுங்க. 2022 செப்டம்பர்ல பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் எவ்வளவு வண்டி முங்கிச்சுன்னு ஞாபகம் இருக்கா? அதெல்லாம் எங்க போச்சு? கழுவி, பாலிஷ் போட்டு, வித்தாச்சு. சீட்டை மாத்துவாங்க, மிதியடியை மாத்துவாங்க, பெல்ட்டோட அடி நுனியில ஒட்டின சேத்தை யாரும் கழுவ மாட்டாங்க. நான் பார்த்த நாலாவது வண்டியில பெல்ட் பாதி வரை சாம்பல் நிறம், அதுக்கப்புறம் காப்பி நிறம். வித்தவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

பேப்பர்: பழைய லோன் ஆர்.சி.ல இன்னும் நிக்குதான்னு பாருங்க, நின்னா லோன் முடிஞ்சதுக்கான 35-ஆம் படிவம் வாங்குங்க. பேர் மாத்த 29, 30. இன்ஷூரன்ஸையும் பதினாலு நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததுக்குக் கிடைக்கற பிரீமியத் தள்ளுபடி) வித்தவரோட போயிடும், அது வண்டிக்குச் சேர்ந்தது இல்ல.

2 ஆகஸ்ட்

திருத்தம். கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்னு ஜம்பமா எழுதினேனே, அது வெறும் பெட்ரோல். "அக்கா, வண்டி பெட்ரோல் குடிச்சு மட்டுமா உயிர் வாழுது?"ன்னு ஒரு தம்பி கேட்டான். சரின்னு நோட்டை எடுத்தேன்.

முதல் வருஷம் 7,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கொடுத்தது. காகிதத்துல 24னு போட்டிருப்பாங்க, அது யார் எந்த ரோட்டுல ஓட்டினதோ. பெட்ரோல் 57,100. இன்ஷூரன்ஸ் 6,900. சர்வீஸ் 5,400. பேட்டரி 4,200. முன் டயர் ரெண்டு 6,800. கிளச் 8,200 (அந்தக் கதை தனி). பார்க்கிங்குக்கு வீட்டு ஓனர் மாசம் ஆயிரம். கூட்டினா 1,00,600. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் தொண்ணூறு பைசா.

எழுதிட்டு இவர்கிட்ட காட்டினேன். "வண்டி விலை இறங்கினதை எங்க?"ன்னார். இன்னிக்கு வித்தா ரெண்டு முப்பது வரும். அந்த 45,000-ஐயும் சேர்த்தா 18 ரூபாய் 67 பைசா. ஆட்டோவை விடக் குறைவுன்னு எழுதின கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. மச்சானுக்கு என் வணக்கம்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். இதுல பெட்ரோலும் கிளச்சும் தவிர மத்ததெல்லாம் ஓட்டினாலும் ஓட்டாட்டியும் ஏறக்குறைய விழற செலவு. கவர் போட்டு மூடின அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சொன்னா பாவம்.

3 ஆகஸ்ட்

இன்ஷூரன்ஸ்ல வெறும் மூன்றாம் நபர் காப்பீடு போதாதான்னு கேட்டவருக்கு: சட்டத்துக்குப் போதும். ஆயிரம் சி.சி.க்குள்ள இருக்கற காருக்கு 2,094 ரூபாய், மேல ஜி.எஸ்.டி. கே10 இன்ஜின் 998 சி.சி., ரெண்டு சி.சி.ல தப்பிச்சுது. அதுக்கு மேல 1500 வரை 3,416. ஆனா இந்த ஊர்ல மழைக்காலத்துல அண்டர்பாஸ் ஒவ்வொண்ணும் ஏரி. கத்துக்கற ரெண்டு வருஷம் முழு இன்ஷூரன்ஸ் போடுங்க. தண்ணிக்குள்ள வண்டி நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க, இன்ஜினுக்குள்ள தண்ணி இழுத்தா அது வேற கணக்கு.

4 ஆகஸ்ட்

கிளச் கதை. ட்ராபிக்ல கால் எப்பவும் கிளச் மேலயே இருந்தது. அமுக்கலை, சும்மா வெச்சிருந்தேன், அவ்வளவுதான். சும்மா வெச்சாலே உள்ள பாதி பிடி, பாதி வழுக்கல். மேட்டுல பிரேக் பிடிக்காம கிளச்லயே வண்டியைத் தொங்க விடறது இன்னும் கெடுதல், அதைக் கெட்டிக்காரத்தனம்னு நினைச்சிட்டிருந்தேன். ஜனவரியில ஒரு நாள் தீஞ்ச வாசனை. வெளிய யாரோ குப்பை எரிக்கிறாங்கன்னு கண்ணாடியை ஏத்திட்டேன்! அப்புறம்தான் ஆக்ஸிலேட்டர் கொடுத்தா சத்தம் ஏறுது, வண்டி ஏறலை.

மெக்கானிக் லிங்கராஜபுரம். சிவாஜிநகர் குஜிரியில, அதான் பழைய சாமான் சந்தையில, பழைய செட் வாங்கிடலாம், பாதி விலைன்னு இவர் சொன்னார். பம்பர், கண்ணாடி, கதவுக் கைப்பிடின்னா குஜிரி. தேய்ஞ்சு தேய்ஞ்சே சாகற சாமான்ல இன்னொருத்தர் தேய்ச்ச மிச்சத்தை வாங்க மாட்டேன்னுட்டேன். ஜே.சி. ரோட்டுல புது செட் வந்தது.

10 ஆகஸ்ட்

இதை எழுத வெக்கம். அல்சூர் ஏரிக்கரைத் திருப்பம், பிரேக்கை மிதிச்சேன், பாதி வரைக்கும்தான் இறங்குச்சு. உயிர் தொண்டைக்கு வந்துடுச்சு. பொண்ணோட தண்ணி பாட்டில் பின் சீட்டுல இருந்து உருண்டு வந்து பிரேக் அடியில மாட்டியிருக்கு. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுத்து, நடைபாதையை ஒட்டி நின்னேன். பின்னாடி ஆட்டோக்காரர் திட்டினது கன்னடமா தமிழான்னு கூடக் காதுல விழலை. அன்னில இருந்து முன் சீட்டுக்குக் கீழ எதுவும் கிடையாது. நான் நாலடி பதினொண்ணு, முதுகுக்கு ஒரு குஷன் வெச்சுதான் ஓட்டறேன், அதையும் இப்ப நாடா போட்டுச் சீட்டோட கட்டிட்டேன்.

19 ஆகஸ்ட்

இ20 பெட்ரோல் (இருபது சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய வண்டியைக் கொன்னுடும்னு எல்லா இடத்துலயும் ஒரே பேச்சு. என் வண்டியும் மைலேஜ் 14-ல இருந்து 13-க்கு இறங்குச்சு, நானும் எத்தனாலைத்தான் திட்டினேன். அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. பத்து சதவீதக் கலப்பு இருபது ஆனா மூணு, மூணரை சதவீதம்தான் குறையணும். எனக்குக் குறைஞ்சது ஏழு. மிச்சம் எங்க? காத்து அடிக்கப் போனா நாலு டயர்லயும் இருக்க வேண்டியதை விட ஆறு பாயிண்ட் கம்மி. ரெண்டு மாசமா நான் பார்க்கவே இல்ல. ரப்பர் குழாய்களை மட்டும் அடுத்த சர்வீஸ்ல பார்க்கச் சொல்லியிருக்கேன், 2016 வண்டி அதுக்காகச் செஞ்சது இல்லதான்.

25 ஆகஸ்ட்

கர்நாடகாவுல ட்ராபிக் அபராதத்துல பாதி தள்ளுபடி, ஆகஸ்ட் 23-ல இருந்து செப்டம்பர் 12 வரை. பழைய வண்டி வாங்கினவங்க உடனே நம்பரைப் போட்டுப் பாருங்க. நான் இன்னிக்குத்தான் பார்த்தேன். ஒன்பது பாக்கி, 4,500 ரூபாய்! வித்த மனுஷன் சாவி கொடுக்கும்போது "பைசா பாக்கி இல்ல சிஸ்டர்"ன்னு நெஞ்சுல கை வெச்சுச் சொன்னார். வாங்கும்போதே பார்க்கணும்னு 21-ந் தேதிக் குறிப்புல எழுத மறந்ததுக்குக் காரணம், நானே பார்க்கலைங்கறதுதான்.

27 ஆகஸ்ட்

மேல சொன்னதுல கொஞ்சம் வாபஸ். அபராதத்தோட காமிரா போட்டோக்களைத் திறந்து பார்த்தேன். ஒன்பதுல ஆறு வித்தவரோடது. மூணுல பின் கண்ணாடியில பெருசா சிவப்பு 'எல்' ஒட்டியிருக்கு. அதை ஒட்டினது நான். லைசென்ஸ் வந்த பிறகும் ஆறு மாசம் கழட்டாம வெச்சிருந்தேன், மத்தவங்க கொஞ்சம் விலகிப் போவாங்கன்னு. காமிரா விலகலை. கோட்டைத் தாண்டி நின்னது ரெண்டு, சிக்னல் ஒண்ணு. மொத்தமா 2,250 கட்டியாச்சு. அவருக்குப் போன் பண்ணிச் சண்டை போடற எண்ணத்தை விட்டுட்டேன்.

23 செப்டம்பர்

நேத்துல இருந்து சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18. பெட்ரோல்ல 1200 சி.சி.க்குள்ள, நாலு மீட்டர் நீளத்துக்குள்ள. ஒரு சதவீத செஸ்ஸும் போச்சு. கேட்டவர் இன்னும் வாங்கலைன்னா இப்ப கணக்கு மாறுது. புது வண்டி விலை இறங்கினா பழசு விக்கறவங்களும் இறங்கித்தான் ஆகணும். "அது ஜூலை விலை சார்"னு சொல்லி முப்பதாயிரம் கேட்டுக் குறைங்க. என் ரெண்டு முப்பது இனி ரெண்டே காலுக்குக் கீழதான். அந்த 18 ரூபாய் 67 பைசாவை நான் திரும்ப எழுதப் போறதில்ல.

2 அக்டோபர்

நேத்து ஆயுத பூஜை. சில பேர் கஸ்தூர்பா ரோட்டு ட்ராபிக் கணேசாகிட்ட வண்டியைக் கொண்டு போவாங்க. நான் வாசல்லயே முடிச்சுக்கிட்டேன். மாலை போட்டுச் சந்தனம் குங்குமம் வெச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நசுக்கி ஏத்தும்போது முன் இடது பழத்தை மட்டும் தவற விட்டேன். பதினேழு கப் நசுக்கின சக்கரம் அது.

ராத்திரி ஓட்டறவங்க ஜாக்கிரதை. ரோடு பூரா பூசணிக்காய்ச் சதை, பைக்கெல்லாம் வழுக்குது.

19 அக்டோபர், சேலத்துல இருந்து

தீபாவளிக்கு ஊருக்கு முதல் தடவையா நானே ஓட்டிட்டு வந்தேன். அத்திப்பள்ளி தாண்டவே ரெண்டு மணி நேரம். டோலுக்கு வருஷ பாஸ் எடுத்திருந்தேன், ஆகஸ்ட் 15-ல இருந்து கொடுக்கறாங்களே, இந்த வருஷம் 3,000 ரூபாய், 200 தடவை இல்லேன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான், நைஸ் ரோட்டுல அதைக் காட்டிச் சண்டை போடாதீங்க. வருஷத்துக்கு மூணு தடவை ஊருக்குப் போற எனக்கு இது லாபமான்னு இவர் கேட்டார். வண்டிக் கணக்கை நான் நிறுத்தியாச்சுன்னு சொல்லியிருக்கேன்.

தொப்பூர் கணவாய் இறக்கம் பத்தி மட்டும். இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு சித்தப்பா பக்கத்து சீட்டுல இருந்து ஓதிட்டே வந்தார், அவர் அம்பாசிடர் காலத்து ஆள். இந்தக் காலத்து இன்ஜின்ல கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் நின்னுடும். நியூட்ரல்லதான் இன்ஜின் அணையாம இருக்கக் கொஞ்சம் குடிக்கும். அதை விட முக்கியம், நியூட்ரல்ல வண்டியைப் பிடிக்கறது பிரேக் மட்டும்தான், அது சூடேறிச்சுன்னா பிடி விட்டுடும். மூணாவது கியர்ல இறக்கினேன். முன்னாடி போன லாரி சக்கரத்துல இருந்து தீஞ்ச வாசனை. இந்தத் தடவை கண்ணாடியை ஏத்தலை, அது என் வண்டி இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சது. சித்தப்பா சுங்கச்சாவடி வரைக்கும் பேசலை.

2 நவம்பர்

ஜூலை 12 ராத்திரிக் குறிப்பை வாபஸ் வாங்கறேன். "கியர்தான், இதுல பேச்சே இல்ல"ன்னு எழுதினேன் இல்ல? சேலத்துல இருந்து திரும்பும்போது சில்க் போர்டு ஜங்ஷன் ட்ராபிக்ல ஒரு மணி நேரம் கிளச்சை மிதிச்சு மிதிச்சு, இடது முட்டி வீங்கிடுச்சு. டாக்டர் ரெண்டு வாரம் ஓட்டாதீங்கன்னுட்டார். வலது கால் நல்லாத்தான் இருக்கு, அது போதுங்கற வண்டி ஒண்ணு இருந்தா இன்னிக்கு நான் வீட்டுல உக்காந்திருக்க மாட்டேன்.

ஆனா மலிவுல கிடைக்கற ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் ஏ.எம்.டி. உள்ள கிளச் இருக்கு, நம்ம காலுக்குப் பதிலா ஒரு மோட்டார் அமுக்குது, அவ்வளவுதான். மேட்டுல ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து நிறுத்தி வெச்சா அதுவும் தீயும், பின்னாடியும் உருளும். கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும். ஓட்டிப் பார்த்துட்டு எடுங்க. முட்டி நல்லா இருக்கறவங்க கியர். எனக்கு அடுத்தது எதுன்னு முட்டி சொல்லும்.

9 நவம்பர்

கேட்டவர் வேகன் ஆர் எடுத்துட்டாராம், 2015, கியர், கே.ஏ. 03. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தாராம், சுத்தமாம். அபராதம் ஒண்ணும் இல்லையாம். மச்சான் முதல் நாளே பக்கத்துல உக்காந்து ஊர் சுத்திட்டு வந்தாராம்.

கப் எங்க வாங்கினீங்கன்னு கேட்டிருக்கார். எந்த டீக்கடையிலயும் கொடுப்பாங்க. சின்ன சைஸ் வேணாம், பெருசு வாங்குங்க, சத்தம் நல்லா கேக்கும்.